மேப்பில் ஏறாத குறிப்பு

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் பிரிண்டருக்கு அடியில் விழுந்தது.

அடுத்தது குத்து. புரோகிராமர் நாற்காலியோடு மல்லாந்தான்.

வந்த ஆள் வாசலில் நின்றே கேட்டிருந்தான், அவள் முகவரியை அனுப்பியது யார் என்று. அறையில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்ள, இவன்தான் எழுந்து நின்றான். ஆபீசில் இவனுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். மீட்டிங்கில் கை தூக்கக் கூச்சப்படுகிறவன், அடி வாங்க மட்டும் முந்திக்கொண்டான்.

டீம் லீடர் போனைக் கையில் எடுத்தாள். இவனுக்கு மட்டுமல்ல, அந்தத் தளத்துக்கே அவள் அக்கா.

"வேண்டாம்க்கா, யாரையும் கூப்பிடாதீங்க. அவர் அடிக்கட்டும். அடிக்கிற உரிமை அவருக்கு இருக்கு."

விலக்க வந்த இரண்டு பேரையும் கையைக் காட்டி நிறுத்தினான்.

குடும்ப நீதிமன்ற வழக்குகளின் விசாரணைத் தேதியை, வழக்குக்காரர்களின் விவரத்தோடு இரு தரப்புக்கும் கைபேசியில் அனுப்புவது அந்தக் கம்பெனியின் வேலை. பழைய கோப்புகள் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் இருந்தன. புதிய செயலியோ ஜேசன் என்ற வடிவத்தில் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். நடுவில் எல்லாவற்றையும் ஒரு மேப்பில் கொட்டி மாற்றித் தரும் நிரலை இவன் எழுதினான். ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் அதன் மதிப்பு. மேப் என்றால் அவ்வளவுதான்.

முகவரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் குறிகளுக்கு, அதாவது டேக்குகளுக்கு, நடுவே இருந்ததெல்லாம் ஒழுங்காக மேப்பில் ஏறியது. டேக்குக்குள்ளேயே ஓரமாக, 'எதிர்த்தரப்புக்குக் காட்டாதே' என்று சொல்லும் குறிப்பு ஒன்று சில கோப்புகளில் உண்டு. அது ஏறவில்லை. அதற்கு இவன் இடமே வைக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. தன் சொந்த முகவரியைப் போட்டுத்தான் சோதித்தான். தன் வீடு எங்கே இருக்கிறது என்பதை ஒருவரிடமிருந்து மறைக்க வேண்டிய நிலை அவனுக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை.

நேற்று, கம்பெனியின் பெயர், விலாசத்தோடு தேதிகள் போயின. புருஷனின் அடிக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் தெரு, மாடி, கதவு எண் எல்லாம் அந்தப் புருஷனின் கைபேசியில் போய் உட்கார்ந்துகொண்டன.

இன்று காலையில்தான் இவன் கண்ணில் பட்டது. அவளுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மேனேஜர், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போலீசுக்குப் போகக்கூடாது என்று தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். கோப்பில் அவசரத்துக்கென்று கொடுத்திருந்தது அவள் அண்ணனின் எண். அவரிடம் இவன் எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்றான், ஆபீஸ் இருக்கும் இடத்தையும் சொன்னான். இதோ கிளம்பிவிட்டேன் என்றார் அவர்.

அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. அப்புறம் இந்த ஆள் வந்து நிற்கிறான், கண்ணெல்லாம் சிவந்து, சட்டை முன்புறம் முழுக்க ரத்தத்தோடு. தங்கையை வாரி எடுத்திருக்கிறான், எல்லாம் முடிந்துபோயிருக்கிறது, நேராக இங்கே வந்திருக்கிறான். இதை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

ஷூ விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. ஆள் கீபோர்டைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் ஓங்கி அடித்தான். எழுத்துக் கட்டைகள் தரையெங்கும் சிதறின. நாக்கில் ஒரு பல் புரண்டது.

வலியில் உயிர் போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும் என்று இவன் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டான். அக்கா அழுதுகொண்டே நின்றாள்.

அப்போது மேசைமேல் இவனுடைய கைபேசி அதிர்ந்தது. திரையில், 'அந்தப் பொண்ணோட அண்ணன்' என்று காலையில் இவன் பதிந்துவைத்த பெயர்.

ஆளின் இரண்டு கைகளும் இவன் சட்டைக் காலரில் இருந்தன.

அக்கா எடுத்தாள். ஸ்பீக்கரில் லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"தம்பி, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், இன்னும் பாதி தூரம்கூட வரல. தங்கச்சி போன எடுத்தாளா?"

காலரைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. ஆள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் இவன் அந்தச் சட்டையைச் சரியாகப் பார்த்தான். வாரி எடுத்தவன்மேல் படிகிற ரத்தம் இல்லை அது. தெறித்திருந்தது.

"அவ எங்க இருக்கான்னு தெரியாம நான் பாட்டுக்கு இருந்தேன்டா. எதுக்கு எனக்கு அனுப்புன?"

குழந்தை மாதிரி விசும்பினான். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நான் வெளிய வர்றப்பகூட முனகிக்கிட்டுதான் இருந்தா."

புரோகிராமர் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அக்காவின் இன்னொரு கையில் அவளுடைய போன் அப்படியே இருந்தது. இவன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, அவள் இதுவரை யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.