வக்கூம் குழாயின் மறுமுனை

அன்று காலை சிலாவத்தைக் கொட்டிலில் இருந்தவர்கள் மூன்று பேர்: மெக்கானிக் குகதாசன், கார் வாங்க வந்த பரஞ்சோதி, காரின் சொந்தக்காரி ஜெயரூபினி. அவருடைய கணவன் மெல்ரொன் நான்கு வருடங்களுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்தப் பழைய பிரிட்டிஷ் காரை விற்க ஜெயரூபினி இப்போதுதான் சம்மதித்திருந்தார்.

குகதாசன் ரப்பர் வக்கூம் குழாயை, டிஸ்ரிபியூற்றர் பக்கத்தை அப்படியே விட்டு, காபரேற்றரிலிருந்து மட்டும் கழற்றித் தொங்கவிட்டான். குழாய் கழன்றிருந்தால் தீப்பொறி விழும் நேரம் மாறக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, அந்த நேரத்தைக் காட்டும் டைமிங் லைற்றைப் பிடித்தான். எஞ்சின் சில்லிலிருந்த வெள்ளைக் கோடு பத்துப் பாகையில் நின்றது. மெதுவாக இருபதுக்குப் போனது. பத்துக்குத் திரும்பியது. மறுபடி இருபதுக்குப் போனது.

"என்ன தம்பி, கார் மூச்சு வாங்குதோ?" என்று பரஞ்சோதி சிரித்தார்.

குகதாசன் எஞ்சினை நிறுத்தி, தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றினான். உள்ளே தகடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. குழாயை யாராவது வாயால் உறிஞ்சினால்தான் அது அப்படி அசையும். தொங்கிய முனை ஈரமாக இருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

"அக்கா, இதை ஆர் வாயில வைச்சது?"

"என்ர மனுசன் அப்பிடித்தான் இழுத்துப் பாக்கிறவர்," என்றார் ஜெயரூபினி. "பரஞ்சோதி அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் விக்கேல்ல. ரெண்டு பேரும் வெளியில போங்கோ."

குகதாசன் பரஞ்சோதியோடு முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். ஜெயரூபினி காரின் மேல் குனிந்து, குழாயை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.