கழற்றிய தாழ்ப்பாள்

"இதையுமா கழட்டணும்?" என்று தச்சர் மறுபடியும் கேட்டார். அவர் கைகாட்டியது பாத்ரூம் கதவை.

"அதையுந்தான்ணே," என்றாள் வீட்டுக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டே.

தாழ்ப்பாள் போடத்தான் எல்லாரும் தச்சரைக் கூப்பிடுவார்கள். இருக்கிறதைக் கழற்றச் சொல்லி ஒரு வீடு கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வீட்டில் யாருக்கோ புத்தி பிசகியிருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு ஏடாகூடமாக ஏதாவது செய்துவிடுகிறார்கள் போல என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. அவருக்குக் கதவு பூட்டியிருந்தா ஆகாது."

அவர் என்றால் அவள் புருஷன். தெருவுக்கு ஃபாரின்காரர். பத்து வருஷம் வெளிநாட்டில் ஒரு தையல் கம்பெனியில் கிடந்துவிட்டு, போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த கையோடு வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை போட்டு, மெஷின் ஓட்ட எங்கிருந்தோ ரயிலேறி வந்த ஐந்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷன் என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

"அங்கே வேலை முடிஞ்சதும் எல்லாரையும் ரூமுக்குள்ள விட்டு, முதலாளி வெளியில பூட்டிட்டுப் போயிடுவானாம்ணே. ஓடிப்போயிடுவாங்கன்னு பயமாம். ஒரு தடவை கூட இருந்தவருக்கு நெஞ்சுவலி. இவங்க கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினதுதான் மிச்சம். விடிஞ்சுதான் சாவி வந்துச்சாம்."

அந்த மனுஷன் என்ன ஆனார் என்று தச்சர் கேட்கவில்லை. அடுத்த திருகாணியைத் திருகினார்.

"இப்பவும் எங்கேயாவது தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டா இவருக்கு வேர்த்துக் கொட்டிடும். நாங்களும் கதவைச் சும்மா சாத்திட்டு, குளிச்சு முடிக்கிற வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கோம்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கடைசியாக மகளின் அறை. பத்தாவது படிக்கிற அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "என் ரூமை மட்டும் விட்டுடச் சொல்லும்மா. டிரெஸ் மாத்தறப்பல்லாம் நாற்காலியை முட்டுக்கொடுத்துக்கிட்டு நிக்கணுமா?"

அந்த நேரம் பார்த்து, சட்டையெல்லாம் நூல்பிசிறாகப் பட்டறையிலிருந்து வந்தார் ஃபாரின்காரர்.

"என்னங்க, மெஷின் சத்தம் குறைச்சலா இருக்கு?"

"ஒருத்தன் கம்பி நீட்டிட்டான். சொல்லவும் இல்ல, கொள்ளவும் இல்ல. சரக்கு திங்கட்கிழமை போயாகணும், நான் என்ன செய்யறது?" என்று எரிந்து விழுந்தவர், மகளைப் பார்த்ததும் அடங்கிப்போனார்.

"கண்ணு, நீ உள்ளே இருந்தா அப்பா இந்தப் பக்கமே வரமாட்டேன். நல்ல திரையாத் தச்சுத் தர்றேன். தாழ்ப்பாள் மட்டும் வேணாம்டா. உசுருக்கு ஒண்ணுன்னா, தட்டறப்ப ஒரு கதவு திறக்கணும்டா..."

பெற்ற பெண்ணுக்கு முன்னால் அந்த மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மகள் ஒதுங்கி வழிவிட்டாள். "கழட்டிடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, திருகாணிகளைப் போட்டுக்கொள்ள டப்பாவையும் அவளே நீட்டினாள்.

தச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. "மனுஷனைப் பூட்டி வெச்ச படுபாவி, அவன் நல்லா இருப்பானா தம்பி?"

"நல்லாத்தான்ணே இருக்கான். இன்னும் ரெண்டு கம்பெனி திறந்துட்டான்." ஃபாரின்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழற்றிய தாழ்ப்பாள்கள் தரையில் கிடந்தன. "இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார் தச்சர்.

ஃபாரின்காரர் குனிந்து, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தார். இழுத்துத் தள்ளிப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. அவருக்கு வேர்க்கவில்லை.

"வேணாம்ணே. இதைப் பின்னாடி ஆளுங்க தங்கற ரூமுக்குப் போட்டுடுங்க."

தச்சர் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். அவங்களாவது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கட்டும்."

"உள்ளே இல்லண்ணே. வெளிப்பக்கம்."