சட்டி கேட்டு வந்தவள்

பிரபினுக்குக் கழுத்து கடுக்கிறது. அம்மா செசிலியின் மீன் சட்டியில் கடல்மணலை நிரப்பித் தலையில் சுமந்தபடி, பழைய ஐஸ் கம்பெனிக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறான். இராஜாக்கமங்கலத்தில் அவனும் நண்பர்களும் வாடகைக்கு எடுத்துக் கலைக் கண்காட்சி நடத்தும் இடம் அது; இந்தச் சுமை நடைதான் அதில் அவன் படைப்பு. ஓட்டைத் தகரக் கூரை வழியே சாயங்கால வெயில் அவன் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பார்க்க வந்தவர்கள் சுற்றிலும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் செசிலி வந்து நிற்கிறாள். “ஏலே, வள்ளம் கரையேறியாச்சு. மத்தவளுவ மீன் எடுத்துட்டுப் போறாளுவ. சட்டிய இங்க வச்சு என்னலே விளையாட்டு?” நேரே வந்து சட்டியை இறக்கி மணலைக் கவிழ்க்கிறாள். கைதட்டல் எழுகிறது. அவன் தலையில் இருந்த சும்மாட்டை உருவித் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். கைதட்டல் கூடுகிறது. “எதுக்குலே இவ்வளவு பேரும் கைய தட்டுதாவ? கிறுக்கு பிடிச்சிருக்கா?” சட்டியோடு வெளியே இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கடற்கரைக்குப் போகிறாள். “இவங்கள எங்கேருந்து மக்கா பிடிச்ச? என்னா நடிப்பு!” என்று நாகர்கோவிலிலிருந்து வந்த ஆன்ஸ்லின் அவன் காதோரம் குனிந்து கேட்கிறான். பிரபின் சிரிக்கிறான். கொட்டிக் கிடக்கும் மணலின் நடுவே நின்று, கைகூப்பி, அத்தனை கைதட்டலையும் வாங்கிக்கொள்கிறான். அது என் அம்மா என்று இவர்களிடம் அவன் சொல்லவேண்டியது இன்னும் பாக்கி.