கம்ப்யூட்டர் ரூமில் மட்டும்

"தானா போகுது, தானா வருது! என்னப்பா, உன் வயர்ல பேய் குடியிருக்கா?"

தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. மேசைக்குப் பின்னால் அவர். அவருக்கு இடப்பக்கம், டைப் அடிக்கத் தயாராகக் கிளார்க். சுவரோரப் பெஞ்சில் இரண்டாம் வகுப்பு மிஸ். எலக்ட்ரீஷியனுக்கு நாற்காலி போடப்படவில்லை. டெஸ்டரும் கையுமாகக் கதவருகே நின்றிருந்தார்.

"ஸ்கூல் பூரா கரண்ட் இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குன்னு புதுசா போட்ட கம்ப்யூட்டர் ரூம்ல மட்டும் தினம் போகுது. இதுக்கு என்ன சொல்றே?"

"வயரை மாத்திட்டேன் சார். பிரேக்கரையும் மாத்திட்டேன். நான் ஓடி வர்றதுக்குள்ள கரண்ட் வந்துடுது. நல்லா எரியிற லைன்ல நான் எதைப் போய் ரிப்பேர் பண்றது?"

"வாய்க்குக் குறைச்சல் இல்ல. வேலையிலதான் ஓட்டை."

"சார், வேலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க!"

"கையை நீட்டாதே!" தலைமையாசிரியர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மிஸ். கரண்ட் போகுதா, இல்லையா?"

"போகுது சார்."

"கேட்டுக்கோ! போனதும் அந்த ரூம் சந்தைக்கடை ஆயிடுது. ஹெட்போனைக் கழட்டிப் போட்டுட்டு அத்தனையும் கத்துதுங்க. ஏன் மிஸ், உங்களுக்கும் அடக்கத் தெரியாதா? பாடத்தைக் கம்ப்யூட்டர் நடத்துது. குறுக்கே பேசாம, பிள்ளைங்க எழுந்திரிக்காம பார்த்துக்கிட்டா போதும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அதைக்கூடச் செய்ய முடியலைன்னா நீங்க எதுக்கு அங்க? ஒரு பொம்மையை நிறுத்திட்டுப் போறேன்." பிறகு கிளார்க்கிடம், "எழுதுய்யா. வேலை சுத்தமில்லாததால் இவரை இன்றோடு நிறுத்துகிறோம். மத்த ஸ்கூலுக்கெல்லாம் ஒரு காப்பி போகட்டும்" என்றார்.

எலக்ட்ரீஷியனின் கோபம் சட்டென்று இறங்கியது.

"சார், அந்த லெட்டர் போச்சுன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்? எங்க வீட்டுல அடுப்பெரிய வேணாமா?"

"அதை வயர் இழுக்கும்போது யோசிச்சிருக்கணும்."

கடிதம் தயாரானது. தலைமையாசிரியர் தாள் கிழியும்படி பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கிளார்க் உறைக்குள் வைத்துப் பசை தடவினார்.

மிஸ் எழுந்தார். "அதை அனுப்பாதீங்க சார்."

"பாவம் பார்க்கிற இடமா இது? உட்காருங்க!"

"பாவம் பார்க்கலை. ஆள் மாத்தி எழுதியிருக்கீங்க." கிளார்க் கையிலிருந்த உறையைப் பிடுங்கி, குறுக்கே கிழித்தார்.

"மிஸ்! புத்தி கெட்டுப்போச்சா?"

"கத்துதுங்க, கத்துதுங்கன்னு சொன்னீங்களே, வந்து பார்த்தீங்களா சார்? அது கத்தல் இல்ல. 'மிஸ், இது ஏன் இப்படி? மிஸ், எனக்குப் புரியலை'ன்னு கேக்குதுங்க. ஸ்க்ரீன் எரியிற வரைக்கும் எவனும் திரும்பிப் பார்க்கிறதில்ல. தப்பாத் தட்டினா, சரியா வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருக்கான். எதுக்குன்னு அவனுக்கும் தெரியாது, உங்க கம்ப்யூட்டருக்கும் தெரியாது!"

"அதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கு சார். தினமும் அந்த ரூம் மெயின் சுவிட்சை அணைச்சு, அப்புறம் போடுறது நான்தான்."

எலக்ட்ரீஷியனின் டெஸ்டர் மிஸ்ஸை நோக்கி உயர்ந்தது. "ஏம்மா, என் பொழப்புலயா விளையாடினீங்க?"

"உங்க தலையில வந்து விடியும்னு நினைக்கலைண்ணே" என்ற மிஸ், கிளார்க்கின் அருகில் போய் நின்று எலக்ட்ரீஷியன் பெயர் இருந்த இடத்தில் தம் பெயரைச் சொல்ல, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு புதுக் கடிதம் தயாராகி, ஒட்டப்பட்டு, அன்றைய தபாலிலேயே போனது.