முப்பத்திரண்டாவது வட்டம்

ஒரு மொழி ஒரு தலைமுறையின் நாவில் குடியேறும் தருணம் வரலாற்றில் அரிதாகவே வாய்க்கிறது.

அது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வாய்க்கும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

இப்போது பதினொன்று இருபது.

அவள் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகை ஓரமாக நிற்கிறாள். டீச்சராகிப் பன்னிரண்டு வருடம். தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை. கழுத்தெல்லாம் வியர்வை.

மேலிருந்து வந்த அதிகாரி மேசைமேல் உள்ள டேப்லெட்டைக் குனிந்து பார்க்கிறார். திரையில் வரிசையாக முப்பத்தொரு பச்சை வட்டங்கள்.

ஒவ்வொரு வட்டமும் ஒரு குழந்தை. குழந்தை ஆங்கிலத்தில் பேசும். கருவி கேட்டு மதிப்பெண் போடும். சரியென்றால் பச்சை. தப்பென்றால் சிவப்பு.

“மாவட்டத்துலயே இங்கதான் ஒரு சிவப்புகூட இல்ல,” என்கிறார் அதிகாரி. கோயிலுக்குள் பேசுகிற குரல்.

தலைமையாசிரியர் தணிகாசலம் கைகளைக் கட்டிக்கொள்கிறார்.

கருவி வந்த முதல் வாரம் முப்பத்தொன்றும் சிவப்பு. குழந்தைகள் கத்திப் பார்த்தார்கள். கொஞ்சிப் பார்த்தார்கள். ஒருவன் அதன் காது எங்கே என்று பின்பக்கமெல்லாம் தேடினான். எந்த ஊரில் வளர்ந்த கருவியோ, ஆரணிப் பக்கத்துத் தொண்டைகள் அதற்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

முதல் வெள்ளி, எல்லோரும் போன பிறகு, ஒரே ஒரு பையனுக்குப் பதிலாக அவளே கருவியிடம் பேசினாள். பச்சை.

அடுத்த வெள்ளி, முப்பத்தொரு பேருக்கும்.

பையன்களுக்குக் கட்டைக் குரல். பெண்களுக்கு மூக்கால். கோகுல்நாத்துக்கு ஓர் இருமல்கூட வைத்தாள். உண்மையாக இருக்கட்டும் என்று.

இதே வேலையில் மாட்டிக்கொண்ட பக்கத்து ஊர் வாத்தியார் இப்போது மலைமேல் பள்ளியில் இருக்கிறார். இரண்டு பஸ். பிறகு நடை.

அவளுக்கு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை.

அதிகாரி பையிலிருந்து ஒரு மஞ்சள் பந்தை எடுக்கிறார். ஸ்பாஞ்சுப் பந்து. சிரித்த முகம் போட்டது. பயிற்சி முகாமில் கொடுத்தார்களாம். கண்ணை மூடிக்கொண்டு வீச வேண்டும். யார் மடியில் விழுகிறதோ அவர் பேச வேண்டும்.

இதற்குப் படைப்பாற்றல் உத்தி என்று பெயர்.

முன்பெஞ்சில் இரண்டு பெண்கள் பத்து நாளாக நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்து தயாராக இருக்கிறார்கள். பந்து அவர்களைத் தாண்டிப் போகிறது. மின்விசிறியில் பட்டுத் திரும்புகிறது. கடைசி பெஞ்சில் விழுகிறது.

முப்பத்திரண்டாவது சிறுமியின் மடியில்.

தீபாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளை. ஓடிபி வர வீட்டில் போன் இல்லை. அதனால் கருவியில் கணக்கு இல்லை. அதனால் வட்டமும் இல்லை. அவளுடைய ஷேர் ஆட்டோ ஐந்தரைக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமைகளிலும் அதுவரை கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். சத்தமே வராது. பெஞ்சோடு பெஞ்சாக இருப்பவளை டீச்சரும் கண்டுகொண்டதில்லை.

சிறுமி எழுந்து நிற்கிறாள்.

“டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்,” என்கிறார் அதிகாரி.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாகிறது.

“மை நேம் இஸ் கோகுல்நாத்,” என்கிறாள் சிறுமி. கட்டைக் குரலில். “மை ஃபாதர் இஸ் எ டெய்லர்.”

இருமுகிறாள்.

வகுப்பு திரும்பிப் பார்க்கிறது. கோகுல்நாத் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுகிறான்.

“மை நேம் இஸ் ஷாஹிதா பானு.” மூக்கால். “மை ஃபாதர் இஸ் எ மெக்கானிக்.”

“ஏய், அது எங்கப்பாடீ!” என்கிறது மூன்றாம் பெஞ்சு.

மூன்றாவது பெயர். நான்காவது. ஒரு பிசகு இல்லை. எல்லாம் பச்சை வாங்கிய உச்சரிப்பு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் சிறுமி நிறுத்துகிறாள். பெருமூச்சு விடுகிறாள். இல்லாத முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொள்கிறாள்.

“அய்யோ சாமி, இன்னும் எத்தினிதான்டா பாக்கி?”

தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருக்கு அந்தக் குரல் தெரியும்.

டீச்சர் கண்ணை மூடுகிறாள். மலை தெரிகிறது. இரண்டு பஸ்ஸும் தெரிகின்றன.

கைதட்டல்.

“ரோல் பிளே!” என்கிறார் அதிகாரி. அவர் கண் கலங்கியிருக்கிறது. “டீச்சரையே நடிச்சுக் காட்டுது பாருங்க சார். ரெண்டு வருசமா கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தானே நான் சொல்லிட்டிருக்கேன்.”

குறிப்பேட்டைத் திறக்கிறார். மாவட்ட விருதுக்குப் பரிந்துரை. டீச்சருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று.

டீச்சர் மூச்சு விடுகிறாள். மலை மெல்லப் பின்வாங்குகிறது.

“இப்ப உன் பேரைச் சொல்லும்மா. வாட் இஸ் யுவர் நேம்?”

“மை நேம் இஸ்...”

சிறுமி நிற்கிறாள். எந்தக் குரலில் சொல்வது என்று டீச்சரைப் பார்க்கிறாள்.

அதிகாரியும் பார்க்கிறார். பேனா தாளில் ஊன்றியிருக்கிறது.

“பேரு என்ன மேடம்? எழுதணும்.”

“தர்ட்டி டூ சார்!” என்று வகுப்பு கத்துகிறது. உதவி செய்ய.

வருகைப் பதிவு இப்போது போனில்தான். எண்ணைக் கூப்பிட்டால் போதும்.

தலைமையாசிரியர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தொரு பெயர்கள், அப்பாக்களின் தொழிலோடு, டீச்சரின் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நிற்கின்றன.

முப்பத்திரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது.