வெறும் கட்டங்கள்

பேராசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அங்கேயும் வெறும் கட்டம்.

பாசியின் நுண்படம் இருக்க வேண்டிய இடம் அது. கறுப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் கோப்பின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. ஆய்வேடு முழுக்க இதே கூத்துதான்.

ஆய்வகத்தின் மூத்த மாணவியான அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் குழுவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது பியூலா. ஆய்வகத்தில் அவளுக்கு இளையவள். வேர்டை விட்டுவிட்டு லேடெக்ஸ் என்ற மென்பொருளில் ஆய்வேட்டை அடிக்கத் தொடங்கியதிலிருந்து அவளிடம் ஓயாத கேள்விகள். அட்டவணை ஏன் அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது? எண் வர வேண்டிய இடத்தில் ஏன் கேள்விக்குறி வருகிறது? ஒரு மனுஷி எத்தனைக்குத்தான் பதில் சொல்வாள்!

போன வாரமும் பியூலா வந்தாள். படத்தைக் காணோம், கட்டம்தான் வருகிறது என்றாள்.

அவள் தன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள்.

"முதல்ல அப்படித்தான் காட்டும். பிரிண்ட்ல தானா வந்துரும்."

தானாக வராது. கோப்பின் முதல் வரியில் 'டிராஃப்ட்', அதாவது வரைவு, என்று ஒரு சொல் இருந்தது; அது இருக்கும்வரை படத்துக்குப் பதில் கட்டம்தான் வரும். அதை அழித்தால் போதும், படங்கள் எல்லாம் வந்துவிடும். அந்த மாதிரிக் கோப்பைப் பியூலாவுக்குக் கொடுத்ததே அவள்தான். எழுந்து போய் அந்தச் சொல்லை அழித்துக் கொடுத்தால் என்ன குறைந்திருக்கும்? தொல்லை விட்டால் போதும் என்று இருந்துவிட்டாள், பாவி.

அச்சுக் கடையிலிருந்து பிரதிகள் நேராகக் குழுவுக்குப் போய்விட்டன.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். நியாயமான மனுஷர். யாராவது தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் சொல்லிவிடு, நாளைக்கே திருத்திக் கொண்டுவரலாம் என்றார். உன் அலட்சியம்தான் என்றால் அடுத்த கூட்டத்தில்தான் பார்க்க முடியும்.

அடுத்த கூட்டத்துக்குள் பியூலாவின் வழிகாட்டி ஓய்வு பெற்றுவிடுவார். வேறு ஆளைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பியூலா பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நாந்தான் கவனிக்கல."

எழுந்து சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் எழவில்லை.

பேராசிரியரின் பார்வை அவள்மேல் வந்து நின்றது. லேடெக்ஸ் தெரிந்தவள் நீதானே, பியூலா உன்னிடம் எதுவும் கேட்கவில்லையா என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இல்ல சார்."

கேட்கவே இல்லை என்று பியூலாவும் தலையாட்டினாள்.