கோதண்டராமனின் ஆர்சனிக்

ஆய்வகத் திரையின் வரைபடத்தில் பெரிதாக எழுந்தது ஒரே ஒரு முகடுதான். யூனிஸ் மூன்றாவது தடவையாக ஓட்டிப் பார்த்தாள். அதே இடம், அதே உயரம்.

தலைமுடிகூட நுழையாத கண்ணாடிக் குழாய். இரு முனைகளுக்கும் நடுவே முப்பதாயிரம் வோல்ட். ஆஸ்பத்திரியில் முதலிலேயே எடுத்து வைத்திருந்த, பெரியவர் கோதண்டராமனின் சிறுநீரில் இருந்த ஆர்சனிக் அதற்குள் ஓடி, வகைவகையாகப் பிரிந்து, எடை பார்க்கும் கருவிக்குள் போய் விழுந்தது.

ஆளைக் கொல்லும் வகை, யார் உடம்பிலும் இருக்கிற அளவுக்கு மேல் இல்லை. அந்தப் பெரிய முகடு கடல் மீனிலும் இறாலிலும் இருக்கும் வகை. உடம்பை ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாளில் தானாக வெளியேறிவிடும்.

ஆனால் படிவத்தில் உணவு என்ற இடத்தில் மகன் ராஜேஷ்குமார் 'சுத்த சைவம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிச் சோதனையில் ஆர்சனிக் அதிகம் என்று வந்ததுமே சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்தவர் அவர். தனியாக இருக்கும் அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள மர்பி டவுனிலிருந்து நாலு வருஷமாக வந்துகொண்டிருந்த சரசுவை அன்றே நிறுத்திவிட்டார். இந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷன் என்று யூனிஸிடமே சொல்லியிருந்தார்.

யூனிஸ் வெளியே வந்தபோது மகன் வாசலில் போனில் இருந்தார். பெரியவர் மட்டும் வரவேற்பறையில். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார், யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "சார், இறால், மீன் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டார். "சரசு டப்பாலேர்ந்து. வாரத்துல மூணு நாள்."

"அப்போ விஷம் இல்ல சார். ஆனா இதை நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும்."

"எழுதும்மா. அவ மேல பழி வரப்படாது."

எழுதினாள். ராஜேஷ்குமார் நின்றபடியே படித்தார். திரும்பவும் மேலிருந்து படித்தார்.

"அவளா உனக்கு மீனைக் குடுத்தா?"

"நான்தான் கேட்டு வாங்கிண்டேன்."

மகன் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். போலீஸ் பேச்சு அதோடு முடிந்தது. சரசுவைத் திரும்பக் கூப்பிடும் பேச்சு வரவே இல்லை. நாளையிலிருந்து வேறு ஆள், ஏஜென்சியில் சொல்லியாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, காரை எடுத்துவரப் போனார்.

பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்படியே விட்டுவிட்டு உள்ளே போக யூனிஸுக்கு மனசு வரவில்லை.

"இறால்னா அவ்ளோ இஷ்டமா சார்?"

"அந்த வாசனையே எனக்கு ஆகாதும்மா. மூச்சைப் பிடிச்சிண்டுதான் முழுங்குவேன்."

வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. கைப்பிடியை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"எனக்கு ஆகாதுன்னு டப்பாவைத் தூக்கிண்டு பின்கட்டுக்குப் போயிடுவா. நானும் ரெண்டு தின்னாத்தான் எதிர்ல உக்காந்து சாப்பிடுவா."